மூக்குத்திக்கு வழக்காடிய நாம், ஆட்டுத்தோல் காப்பைக் கழற்றச் சொல்லலாமா?

பேவியூ மலர்
திங்கள், இரவு 8.10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள்களாகச் சரியான உறக்கம் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் பகுதியான செட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் படித்த காலத்தில் அங்கே எல்லோரும் நம் பிள்ளைகள். அன்றைய இன ஒதுக்கல் சட்டம் அப்படி. இன்று பாதிக்கு மேல் ஜுலு பிள்ளைகள். குழுவில் மட்டும் இன்னும் பெரும்பாலும் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

போன வியாழக்கிழமை கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிப் புகார் வந்தது. அவன் வீட்டில் முன்னோருக்கு ஆடு வெட்டிச் சடங்கு செய்திருக்கிறார்கள். அந்த ஆட்டின் தோலில் ஒரு வார் அறுத்து மணிக்கட்டில் வளையமாக மாட்டியிருக்கிறார்கள். இசிபாண்ட்லா என்று அதற்குப் பெயர். தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது. தோல் புதிது, வாடை வருகிறது, பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றார் ஆசிரியை. கைக்கடிகாரம் தவிர வேறெதுவும் மணிக்கட்டில் இருக்கக் கூடாது என்ற சீருடை விதியைத் தலைவர் வாசித்தார். வெட்டி எறிந்துவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கட்டும் என்று தீர்மானம். கைகள் எழுந்தன.

என் கையும் பாதி எழுந்தது. அப்போதுதான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி அன்று மூன்றாம் நாள். மஞ்சள் நூல், அதன் நடுவில் விரல் நுனியளவு மஞ்சள் கிழங்கு. என் மகளும் அதே பள்ளியில் நான்காம் வகுப்பில் அதே நூலோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். விதியில் அதற்கும் இடமில்லை. ஆனால் அவளைப் பற்றி ஒருவரும் புகார் தரவில்லை, தரவும் மாட்டார்கள்.

கையைக் கீழே இறக்கிவிட்டேன். ஆனால் என் கண்ணில் பட்டதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. 'அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்போம், அதுவரை பையன் வரட்டும்' என்று மட்டும் சொன்னேன். நேரமாகிவிட்டதால் ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் பெஞ்சில் அந்தப் பையனின் பாட்டி. பிளாஸ்டிக் உறையில் பேரனின் மதிப்பெண் அட்டைகளையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சான்றிதழையும் அடுக்கி வைத்திருந்தார். நல்ல பிள்ளை என்று காட்டுவதற்காக. இரண்டு மணி நேரம் காத்திருந்தவரை ஒருவரும் உள்ளே அழைக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த பிறகு அடுத்த கூட்டம். நான் என்ன பேச வேண்டும்? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மறுக்கிறவர்களும் சொல்லுங்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேர்கோடு
திங்கள், இரவு 9.02

மலர் அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் எதிர்ப்பக்கம்.

எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள், அப்பா சர்க்கரை ஆலையில் கூலி. பள்ளிக்குப் போனால் மருத்துவர் மகனும் நானும் ஒரே சட்டை, ஒரே கால்சட்டை. வீட்டு வறுமையை மறைத்தது அந்தச் சீருடைதான். எனக்கு அது வெறும் துணி இல்லை. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் இன்னொருவர் வருவார். இன்றைக்குத் தோல் வளையம், நாளைக்குத் தங்கச் சங்கிலி, அதன் பிறகு தெருக் கும்பல்களின் அடையாளம். எது மதம், எது இல்லை என்று தலைமை ஆசிரியர் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று. வாடை என்பது உண்மையான தொல்லை. மூடிய வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள். மஞ்சள் நூல் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, பச்சைத்தோல் செய்கிறது. இதை மதவெறுப்பு என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்
திங்கள், இரவு 11.35

மலர் அம்மா கேட்ட கேள்விக்கு நம் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமே விடை எழுதி வைத்திருக்கிறது. அந்த வழக்கைத் தொடங்கியவர் ஒரு தமிழ்த் தாய். நம்மவர் பலர் பெருமையாகப் பேசுகிறோம், தீர்ப்பைப் படித்தவர் குறைவு.

2004 செப்டம்பர் விடுமுறையில் டர்பன் மாணவி ஒருத்தி மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள். புண் ஆறும்வரை இருக்கட்டும் என்ற பள்ளி, பிறகு கழற்றச் சொன்னது. தாய் கடிதம் எழுதினார். பெண் பருவமடைந்ததும் மூக்குத்தி அணிவிப்பது எங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம், பதினாறு வயதானதும் பாட்டி அந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று விளக்கினார். பள்ளி மசியவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. 2006இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2007 அக்டோபர் 5ஆம் நாள் தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பள்ளி செய்தது நியாயமற்ற பாகுபாடு என்றது. அதற்குள் அந்தப் பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாள். நீதிமன்றம் 'இனி தேவையில்லை' என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை.

நேர்கோடு அண்ணா சொன்ன அத்தனை வாதங்களும் அன்று அங்கே வைக்கப்பட்டன. ஒன்றொன்றாக வருகிறேன்.

மூக்குத்தி இந்து மதத்தின் கட்டாயக் கடமை இல்லையே என்றது பள்ளி. கட்டாயமில்லாமல் விருப்பத்தோடு பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, சொல்லப்போனால் தானே விரும்பி ஏற்றது மனத்துக்கு இன்னும் நெருக்கமாக இருக்கலாம் என்றது தீர்ப்பு. மதமா பண்பாடா என்று கோடு கிழிப்பது பல நேரம் முடியாத காரியம் என்றும் சொன்னது. இந்த இடத்தில் நீதிபதி கேட் ஓரெகன் வேறுபட்டு, இதைப் பண்பாடாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். படிக்க வேண்டிய பகுதி அது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றது பள்ளி. அந்த விதி காதில் தோடு அணிய அனுமதித்திருந்தது, மூக்கில் கூடாது என்றது. யாருடைய வழக்கம் 'சாதாரணம்' என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, யாருடையது 'விதிமீறல்' ஆனது என்று பாருங்கள். செட்ஸ்வொர்த் பள்ளியில் இன்று அந்தத் தோடு நம்முடைய மஞ்சள் நூல். விதியில் இடமில்லாவிட்டாலும் எவர் கண்ணிலும் படாது. தோல் வளையம் பட்டுவிடும்.

ஒருவரை விட்டால் எல்லோரும் வருவார்கள் என்ற அச்சத்துக்கும் லங்கா பதில் சொன்னார். இதுவரை பயந்து ஒளித்து வைத்திருந்த பிள்ளைகள் இனித் துணிந்து தங்கள் நம்பிக்கையை வெளிக்காட்டினால் அது கொண்டாட வேண்டியது, அஞ்ச வேண்டியதல்ல என்று. சீருடையையே ஒழிக்கச் சொல்லவில்லை. விலக்குக் கேட்பதற்கு முறையான வழி வை, பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசி விதியைத் திருத்து என்றது. நியாயமான இடங்கொடுத்தல் என்பது அதன் உயிர். சிரமம் கொஞ்சமும் இருக்கக் கூடாது என்பது பொருளல்ல. பள்ளி தாங்கக்கூடிய சிரமத்தைப் பள்ளி தாங்கியாக வேண்டும்.

வாடை பற்றிய கேள்வி மட்டும் புதிது. மூக்குத்தியில் அது இல்லை. அதைப் பேசித் தீர்க்கலாம். பேசாமலே வெட்டச் சொல்வதுதான் குற்றம்.

மெரேபேங்க் சாமு
செவ்வாய், காலை 6.20

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் தலைமுறைக் கிறித்தவன். 1931இல் தொடங்கிய பெத்தேசா சபையில் எங்கள் தாத்தா ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன் எங்கள் குடும்பம் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட குடும்பம். ஏன் வெளியே என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். காந்தி டர்பனில் இருந்தபோது அவர் வீட்டில் தங்கிய எழுத்தர் ஒருவர் பஞ்சமர் பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவர். அவர் அறையின் கழிவுப் பாத்திரத்தைத் தூக்க கஸ்தூரிபாய் கண்ணீர் விட்டதையும், தாம் கோபத்தில் மனைவியைக் கைப்பிடித்து வாசலுக்கு இழுத்ததையும் காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது 1898. தோட்டக் கூலிகளாக நம்மைக் கொண்டுவந்த கப்பலில் கூடவே ஏறி வந்தது சாதியும். அந்தக் கப்பல் பட்டியல்களின் சாதிப் பத்தியில் 'கிறித்தவர்' என்று எழுதப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1860இல் நாங்களும் வந்தோம். ஆனாலும் 'நீங்கள் தமிழ் இல்லையே, கிறித்தவர்தானே' என்று ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். என் பெரியம்மா இறந்தபோது அவருடைய மூத்த மகன், போதகர், கொள்ளி வைக்க மறுத்தார். மொபேனி ஹைட்ஸ் தகன மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில்கூட நிற்காமல் கார் நிறுத்தும் இடத்தில் நின்றார். தங்கை தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, எல்லாம் தானே செய்தாள். பதினாறாம் நாள் படையலில் பெரியம்மாவுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்திருந்தார்கள். 'சாத்தானுக்குப் படைத்தது' என்று அவர் பிள்ளைகளின் தட்டிலிருந்து அதை எடுத்துக் கொட்டினார். தன் தாய்க்குப் படைத்ததை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. ஒரே மேசையில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள், இன்னும் பேசவில்லை.

ஆகவே அக்கா, இசிபாண்ட்லாவை 'பேய் வழிபாடு' என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், அது எங்கள் சபைகளில் ஒலிக்கும் பேச்சு என்று எனக்குத் தெரியும். உங்கள் மாரியம்மனையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பாட்டியின் உறையில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சான்றிதழ் இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். அவர் கிறித்தவர். முன்னோரையும் விடாத கிறித்தவர். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேகசின் தாத்தா
செவ்வாய், பகல் 11.48

மேகசின் பாரக்ஸில் பிறந்தவன் நான். டர்பன் மாநகராட்சியின் குப்பை வண்டி, சாலைப் பணி, எல்லாம் நம் ஆட்கள். எல்லோருக்கும் அங்கேதான் குடியிருப்பு. அறுபதுகளில் அதைக் காலி செய்து எங்களை செட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். இன்றைய பிள்ளைகள் மதத்தை வேலிபோட்டுப் பேசுவதைக் கேட்டால் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

மாரியம்மன் திருவிழாவைப் பெரிய வெள்ளியில் வைத்துக்கொண்டது யார்? நாம்தான். பஞ்சாங்கத்தில் அப்படி இல்லை. கரும்புத் தோட்டத்துக்காரன் விடுமுறை விட்ட நாள் அது, அவ்வளவுதான். இசிப்பிங்கோ ரெயில் கோயிலிலும் உம்பிலோ தீமிதியிலும் பெரிய வெள்ளியன்று கூடுகிற கூட்டத்தைப் பாருங்கள். ஏசு சிலுவையில் இருந்த நாளில் நாம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். எந்தப் பாதிரியாரும் வந்து கேட்டதில்லை.

முஹர்ரம் வந்தால் பஞ்சா ஊர்வலம். எங்கள் தந்தையார் காலத்தில் கூடு தூக்கியவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். புலி வேஷம் கட்டி ஆடியவர் எங்கள் சித்தப்பா. வெள்ளைக்காரன் அதற்கு 'கூலிக் கிறிஸ்துமஸ்' என்று பெயர் வைத்தான். தமிழனும் தெலுங்கனும் முஸ்லிமும் ஒன்றாகத் தெருவில் இறங்குகிற ஒரே விடுமுறை அது. புரூக் தெரு இடுகாட்டில் பாத்ஷா பீர் தர்காவுக்கு எங்கள் ஆயா வெள்ளிக்கிழமைதோறும் போவார். அந்தப் பெரியவர் 1894இல் மறைந்தவர், ஒப்பந்தக் கூலியாய் மதராஸ் பக்கமிருந்து வந்தவர் என்று சொல்வார்கள். 'நம்ம ஊர்க்காரர்' என்பார் ஆயா. அதற்கு மேல் அவருக்கு மதம் தேவைப்படவில்லை.

1913ஐயும் நினைத்துப் பாருங்கள். மார்ச் 14ஆம் நாள் கேப்பில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணம் இந்த நாட்டில் செல்லாது என்று. ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் எல்லோரும் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். பெண்கள் கிளம்பினார்கள். ஜோகன்னஸ்பர்கிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இறக்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிரை விட்டாள், பதினாறு வயது. தாலியும் செல்லும் என்று சட்டம் வந்தது அதற்குப் பிறகு. அந்தத் தாலிக்காரியின் பேத்திகள் இன்று குழுவில் உட்கார்ந்து இன்னொருவன் முன்னோர் கட்டிய வாரை அறு என்கிறார்களா? மகளே, நீ கையை இறக்கியது நல்லது. இன்னும் நல்லது, அடுத்த முறை வாயைத் திறப்பது.

காயல் காற்று
செவ்வாய், மாலை 5.15

அனைவருக்கும் ஸலாம். நான் காயல்பட்டினத்தான். வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: 'நீங்கள் தமிழா, ஹிந்தியா?' தமிழ் என்றேன். 'அப்படியென்றால் எந்தக் கோயில்?' பள்ளிவாசல் என்றேன். கேட்டவர் நல்ல மனிதர், நம் தமிழர்தான். முகம் குழம்பிவிட்டது. 'அப்போது நீங்கள் தமிழ் இல்லை, முஸ்லிம்' என்று திருத்தினார். அவருக்கு ஒரு வரிகூடத் தமிழ் பேசத் தெரியாது, எனக்கோ தாய்மொழியே அதுதான்.

பிறகுதான் புரிந்தது, இங்கே 'தமிழ்' ஒரு மதத்தின் பெயர். இழந்த மொழியின் இடத்தில் கோயில் நின்று அந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாமு அண்ணனும் நானும் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கும்போது குளிர்கிறது.

சாசனத்தின் 6ஆம் பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயரோடு இருக்கிறது, உருதுவும் அரபியும் சமஸ்கிருதமும் அதே பிரிவில். அதைப் படித்த அன்று ஊருக்குத் தொலைபேசி செய்து வாப்பாவிடம் சொன்னேன்.

இன்னொரு செய்தி, இதையும் பேசவேண்டும். இசிப்பிங்கோ கடற்கரைப் பக்கம் ஒரு மதரஸாவின் பாங்கு ஒலி பக்கத்து வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று 2020 ஆகஸ்டில் டர்பன் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த இரண்டு ஆண்டுகள் இணையத்தில் நம் தமிழர்கள் எழுதியவற்றை நான் படித்தேன். ஒலியைப் பற்றி எழுதியவர் சிலர். எங்களைப் பற்றி எழுதியவர் பலர்.

நேர்கோடு
செவ்வாய், இரவு 9.40

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வக்கீல் ஐயா குறிப்பிட்ட தோடு விஷயம் எனக்குத் தெரியாது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று நான் நம்பியதில் அது ஓட்டை போட்டுவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

காயல் தம்பிக்கு ஒரு வார்த்தை. அப்படி எழுதியவர்களில் நான் இல்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடந்து போனவர்களில் இருக்கிறேன். ஒலி தொல்லை என்றால் தீபாவளி இரவில் நாம் வெடிக்கிற வெடிக்கு என்ன பெயர்? ஆண்டுதோறும் அதைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் புகார் எழுகிறது, ஆண்டுதோறும் 'எங்கள் உரிமை' என்கிறோம். தமிழர் காலையிலும் ஹிந்திக்காரர் மாலையிலும் என்று நாளைப் பற்றியே நமக்குள் ஒத்துப்போவதில்லை, அதற்கும் ஊர் முழுக்கப் பொறுத்துக்கொள்கிறது.

ஆனால் மலர் அக்கா, வாடையை விட்டுவிட மாட்டேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளையும் பிள்ளைதான். அவனுக்கும் ஒரு பதில் வேண்டும்.

ஃபீனிக்ஸ் நிலா
புதன், காலை 7.05

நான் இருபத்தாறு வயதுக்காரி. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் அதிகமாக வாழும் ஃபீனிக்ஸில்தான் இருந்தேன். எங்கள் தெருமுனையில் தடுப்புப் போட்டு ஆண்கள் இரவெல்லாம் நின்றார்கள். பயம் உண்மையானது, கடைகள் எரிந்தது உண்மை. எங்கள் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை, அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதைப் பற்றி வீட்டில் பேசினால் அப்பா எழுந்து போய்விடுகிறார்.

மேகசின் தாத்தா சொன்ன ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஜுலு மக்கள் எங்கே, தாத்தா? பஞ்சாவில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம். எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். ஃபீனிக்ஸிலிருந்து இனாண்டா கூப்பிடு தூரம். ஜுலு மக்களின் கிறித்தவ சபையான ஷெம்பேயின் நாசரேத் பாப்டிஸ்ட் சபை தோன்றிய இடம் அது. வெள்ளை அங்கி அணிந்து வெறுங்காலோடு அவர்கள் போவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், வேலை செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா அந்தச் சபை. சனிக்கிழமை விடுப்புக் கேட்டதற்கு என் அம்மா வேலையை விட்டு நிறுத்தினார். அதே அம்மா, முருகனுக்குக் காவடி எடுக்க அலுவலகத்தில் விடுப்புத் தரவில்லை என்று ஒரு வாரம் அழுதவர். இரண்டையும் நான் சேர்த்துச் சொன்னபோது, 'அது வேறு, இது வேறு' என்றார். எது வேறு என்று இதுவரை சொல்லவில்லை.

2022 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் இந்துக்கள் நூற்றுக்கு 1.1 பேர். நாம் சிறுபான்மை என்று உணர்வது சரிதான். ஆனால் அந்தப் பள்ளிக் குழுவின் மேசையில் நாம் சிறுபான்மை இல்லை.

மேகசின் தாத்தா
புதன், பகல் 12.30

நிலாக் கண்ணு, சரியான இடத்தில் கேட்டாய். பதில் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது.

1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். இந்தியர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எனக்கு அப்போது இரண்டு வயது. காட்டோ மேனரில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த அம்மாவையும் என்னையும் ஒரு ஜுலு குடும்பம் மக்காச்சோளக் கொல்லைக்குப் பின்னால் குடிசையில் இரண்டு இரவு மறைத்து வைத்தது. அழுதால் ஆபத்து என்று அந்த அம்மாள் எனக்குத் தன் பாலைக் கொடுத்தாளாம். அம்மா சாகும்வரை இதைச் சொன்னார். ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எரித்தவர்களைப் பற்றி ஆயிரம் கதை சொன்னோம்.

நெறியாளர்
புதன், மாலை 4.00

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். தோல் வாடையைச் சாக்கிட்டு ஓர் இனத்தையே இழிவாகப் பேசியது அது. மாற்றுக் கருத்துக்கு இங்கே இடமுண்டு, நேர்கோடு ஐயா எழுதுவது போல எழுதுங்கள்.

பேவியூ மலர்
சனி, மாலை 6.45

நேற்றுப் பெரிய வெள்ளி. பூக்கூடையோடு கோயிலுக்குப் போவதற்கு முந்தைய நாள், வியாழன் மாலை, அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். கேக் வாங்கிக்கொண்டு போனேன், வேறென்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை.

கோகோ (ஜுலுவில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்) என்னை உள்ளே உட்கார வைத்தார். மன்னிப்புக் கேட்டேன், இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவிட்டதற்கு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததுபோல் தலையசைத்தார். பெரிதாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். பையனின் அப்பா கடந்த ஆண்டு இறந்துவிட்டாராம். ஆண்டு முடிந்து அவரை வீட்டுக்குத் திரும்ப அழைத்துவரும் சடங்கு அது. 'அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதற்கு அவன் கையில் இருக்கும் சாட்சி இது. பள்ளிக்காக அறுத்தால் அப்பாவை மறுபடி வெளியே அனுப்புவதுபோல் அவனுக்கு' என்றார். நமக்கு இது புதிதா? ஆண்டுத் திதி கொடுக்காத வீடு நம்மிடம் உண்டா?

வாடையைப் பற்றி நானே கேட்டேன், நேர்கோடு அண்ணாவுக்காக. ஒளிக்காமல் பதில் சொன்னார். உட்புறம் ஒட்டியிருந்த கொழுப்பைச் சரியாகச் சுரண்டவில்லை, அவசரத்தில் உப்பும் குறைவு. அதற்குப் பிறகு தானே சுரண்டி உப்புத் தேய்த்துக் காயவிட்டதாகச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். முகர்ந்து பார்த்தேன். காய்ந்த தோலின் வாசம் லேசாக, புதுச் செருப்புக் கடையில் வருவதுபோல. பழுப்பு ரோமம் மணிக்கட்டைச் சுற்றி இருந்தது. பையன் மற்றக் கையால் அதை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். பள்ளியில் பழகிவிட்டான் போலும்.

கோகோ என் நூலைத் தொட்டுப் பார்த்து, 'இது எந்த விலங்கு?' என்று கேட்டார். மஞ்சள் என்றேன். எப்போது கழற்றுவீர்கள் என்றார். திருவிழா முடிந்ததும் அம்மன் சந்நிதியில் என்றேன். 'உங்களுக்கு நாள் தெரியும், எங்களுக்குத் தெரியாது, அதுவாக விழ வேண்டும்' என்றார்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்
சனி, இரவு 8.20

அம்மா, கூட்டத்துக்குப் போகும்முன் எழுத்தில் ஒரு திருத்தம் கொண்டுபோங்கள். பேச்சு காற்றோடு போகும். 'மத, பண்பாட்டு வழக்கங்களுக்கான விலக்கு' என்று சீருடை விதியில் ஒரு பிரிவு. யார் கேட்கலாம், யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், மேல்முறையீடு எங்கே. பதில் வரும்வரை பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. உடல்நலம், சுகாதாரம் தொடர்பான குறை எழுந்தால் முதலில் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும் என்று தனி வரி. 'சலுகை' என்ற சொல் எங்கும் வேண்டாம். சலுகை கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நேர்கோடு
சனி, இரவு 10.05

நீண்ட சட்டைக் கையும் உண்டல்லவா? குளிர்காலச் சீருடை வரப்போகிறது. மறைக்கச் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு உண்மையிலேயே சிரமமென்றால் அந்தச் சில நாள்களுக்கு மட்டும். அந்தத் தனி வரியில் இதையும் சேர்த்தால் எனக்கு மறுப்பு இல்லை. அந்தப் பையனின் அப்பாவைப் பற்றி முதல் நாளே குழுவில் யாராவது கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பேவியூ மலர்
வியாழன், இரவு 9.50

இன்று கூட்டம் முடிந்தது. கோகோவை முதலில் உள்ளே அழைத்து உட்கார வைத்த பிறகுதான் பேசத் தொடங்கினோம், நான் அதைப் பிடிவாதமாகக் கேட்டேன். அவர் ஜுலுவில் பேசினார், ஓர் ஆசிரியை மொழிபெயர்த்தார். பிறகு நான் என் மகளின் நூலைப் பற்றிச் சொன்னேன். குரல் நடுங்கியது. தலைவர், 'அது நம் வழக்கம் அம்மா' என்றார். 'ஆமாம் ஐயா, அதைத்தான் சொல்கிறேன்' என்றேன்.

ஆறு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, ஒருவர் வாக்களிக்கவில்லை. பையன் வகுப்பில் இருப்பான், வளையமும் இருக்கும். விதித் திருத்தத்தின் வரைவை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க முடிவு. எதிர்த்த இருவரில் ஒருவர் வெளியே வந்து என்னோடு பேசாமல் போய்விட்டார். என் திருமணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

வரைவு ஆங்கிலத்தில் தயார். ஜுலுவில் இல்லாமல் அனுப்பினால் பாதி வீடுகளுக்கு அது போய்ச் சேராது. நன்றாக ஜுலு எழுதத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? இரண்டு பக்கம்தான்.

ஃபீனிக்ஸ் நிலா
வியாழன், இரவு 10.12

பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை ஜுலு எடுத்தேன் அக்கா. அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன். அனுப்பும் முன் கோகோவிடம் ஒரு முறை வாசித்துக் காட்டிவிடலாம், நானும் உங்களோடு வருகிறேன்.